சென்ஸி போட்ட தடம்

எங்கள் சென்ஸிக்குப் பால்பண்ணையில் என்னோடு பாலாடைக்கட்டி திருப்புகிற வேலை. குளிர்காலம் வந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டு மலையேறி, சரிவின் ஓரத்தில் குழி தோண்டி, பனியின் எந்த அடுக்கு ஒட்டாமல் கிடக்கிறது என்று பார்த்து, பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆல்ப்ஸ் மலைநாடான டிரோல் முழுக்க அந்த எச்சரிக்கையைக் கைபேசியில் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆபத்தா என்று பார்க்கப் போகிறவளின் தடம் பனியில் பளிச்சென்று விழும். பின்னால் வருகிறவர்கள், 'ஆள் போயிருக்கு, அப்ப பயமில்ல' என்று அதிலேயே ஏறுவார்கள். நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை உதவிக்கு நானும் போயிருந்தேன். குழி தோண்டிப் பார்த்தால், மேலே காற்று இறுக்கிய கெட்டிப் பனி, அடியில் சீனிபோல உதிரும் பழைய பனி.

"இன்னைக்கு இந்தச் சரிவுல கால் வச்சா அவ்ளோதான்" என்றாள் சென்ஸி.

திரும்பி இறங்கினால் எதிரே மூன்று பேர்.

"மேல போகாதீங்க, ஆபத்து!" என்று கத்தினாள்.

"தடம் இருக்கே?" என்றார் முன்னால் வந்த தாடிக்காரர்.

"நான் போட்டதுங்க அது. ஆபத்தான்னு பாக்கத்தான் போனேன்."

"நீங்க முழுசாத்தானே வந்திருக்கீங்க? எங்க வழிகாட்டி வர்றாரு, அவர் சொல்லட்டும்."

"பயப்படாதீங்க, அது என் பொண்டாட்டி போட்ட தடம்தான்" என்றபடியே பின்னால் வளைவில் திரும்பினான் வழிகாட்டி. லூயிஸ், சென்ஸியின் கணவன். எங்களைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் பேச வாயெடுப்பதற்குள் காலடியில் 'வும்' என்று அமுங்கிய சத்தம். அடியிலிருந்த சீனிப் பனி நொறுங்கி, மேல்பனி மொத்தமாக ஒரு விரற்கடை இறங்கியது. நின்றது சமதளம் என்பதால் பிழைத்தோம். மூவரும் முகம் வெளுத்துத் திரும்பினார்கள். தொண்டை கிழியக் கத்தியவளை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

லூயிஸ் மட்டும் நின்றான். "உன்ன நம்பித்தானே வந்தேன்? அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே."

"காலைல காப்பி குடிக்கிறப்ப அந்தப் பக்கம் போகாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'ம்ம்'ன்ன. நான் சொன்னது காதுல ஏறல, நடந்தது மட்டும் கண்ணுல பட்டுச்சாக்கும்?" ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "பனிக்குள்ள நீ போயிட்டா, உன்னத் தோண்டி எடுக்க நாந்தானடா வரணும்!"