இடது கண்ணாடி

வெர்னா லிண்ட்க்விஸ்ட் கேரவனுக்குப் பின்னால் நின்று கை காட்டத் தொடங்கினால், கேரவன்கள் தங்கும் முகாமில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். வண்டியை இடம் பார்த்து நிறுத்தும்போதுதான் கணவன் மனைவி சண்டை வெடிக்கும். அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறவர்கள் எங்கள் கடற்கரையில் உண்டு. வெர்னாவும் ஹார்லனும் அவர்களை ஏமாற்றிவிடுவார்கள். அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்; அந்தப் பக்கத்துப் பின்மூலையில், இடது கண்ணாடியில் தெரியும்படி அவள் நிற்பாள். ஒரு உள்ளங்கை, ஒரு விரல், நிறுத்தச் சொல்ல ஒரு முஷ்டி. வாய் திறக்க மாட்டாள். பேருந்து நீளமுள்ள வண்டி இரண்டு மரங்களுக்கு நடுவே நழுவிப்போய் நிற்கும்.

அவள் ஸ்போக்கேன் நகரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவன் கோதுமை வயல்களுக்குத் தண்ணீர் பம்பு பொருத்தியவன். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுக் கேரவனையும், அதன் பின்னால் கோத்து இழுக்க ஒரு காரையும் வாங்கினார்கள். அன்றிலிருந்து கேரவன்தான் வீடு. ஓட்டுவது அவன், கை காட்டுவது அவள் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் நாள் அப்படி அமைந்தது, அப்படியே நின்றுவிட்டது. காலியான சந்தைத் திடல் ஒன்றில் அவள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்ததோடு சரி.

அந்த வருடம், வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு முனையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே போவதென்று கிளம்பினார்கள். முதல் வாரங்கள் நன்றாகவே போயின. படகிலிருந்து நேராக நண்டு வாங்கி வேகவைத்து, வண்டியின் படியில் செய்தித்தாளை விரித்து உடைத்துத் தின்றார்கள். மணலில் பொறுக்கிய வண்ணக் கூழாங்கற்கள் சூப் கிண்ணத்தில் நிறைந்தன. ஒரு காலை, திமிங்கலம் ஒன்று குட்டியோடு கரைக்கு மிக அருகில் வந்துபோனது. ஹார்லன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

தில்லமூக் என்ற ஊரில்தான் தட்டு விஷயம் தொடங்கியது. அவன் உருளைக்கிழங்கையும் பன்றியிறைச்சியையும் தின்றுவிட்டு எழுந்தான். தட்டின் இடது பாதியில் இரண்டு முட்டைகள் அப்படியே இருந்தன.

"முட்டை வேணாமா?"

"எந்த முட்டை?"

வெர்னா தட்டைத் திருப்பி வைத்தாள்.

"அடிப்பாவி, எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று சிரித்தபடி மறுபடி உட்கார்ந்து தின்றான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அவள் பாதியில் தட்டைத் திருப்பினாள். வண்டியை நிறுத்தும்போது இடது கண்ணாடியில் காட்டிய முஷ்டியை அவன் இரண்டு முறை கவனிக்காமல் வந்தான். அவள் வலது மூலைக்கு மாறிக்கொண்டாள். அசதி என்று சொல்லிக்கொண்டாள், அவனுடைய மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். உள்ளே இருந்த பயம் வேறு. வாயைத் திறந்தால் சாவியை அவன் கையிலிருந்து வாங்கவேண்டும். வாங்கிவிட்டால் வீடு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு லாரியும் அவன் இடப்பக்கமாகத்தான் வந்தது. அவள் கை இருக்கையின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தது.

போர்ட் ஆர்ஃபர்டு என்ற ஊருக்குத் தெற்கே, மதியச் சாப்பாட்டுக்குக் கடல் தெரியும் இடம் வேண்டுமென்று அவன் ஒரு கிளைச் சாலையில் இறங்கினான். திருப்பத்தின் இடப்பக்கம் மஞ்சள் பலகை: பெரிய வண்டிகள் இறங்கக் கூடாது, திருப்ப இடமில்லை. ஹார்லன் எந்தப் பலகையையும் உரக்கப் படிக்கிறவன். அவன் படிக்கட்டும் என்று வெர்னா காத்திருந்தாள். அவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"ஹார்லன், அந்தப் பலகை..."

"எந்தப் பலகை?"

அதற்குள் பின்னால் கோத்து இழுத்துவந்த காரும் திரும்பிவிட்டது. காரைக் கோத்தபடி பின்னால் எடுக்க முடியாது. அதன் சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சாலை குறுகியது. வலப்பக்கம் மண்மேடு, இடப்பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் அலைச் சத்தம். வளைவு தாண்டியதும் சரிந்த பாறைகள் வழியை அடைத்துக் கிடந்தன.

இறங்கிக் காரைக் கழற்றப் பார்த்தார்கள். கோணலாக நின்றதால் காரைக் கோத்திருந்த ஆணி இறுகிக் கிடந்தது. அவன் சுத்தியலால் அடித்தான். இரண்டு அடி ஆணியில் விழுந்தன, மூன்றாவது அதற்குப் பக்கத்தில். வெர்னா சுத்தியலை வாங்கித் தானே அடித்துக் கழற்றினாள். காரைப் பின்னோக்கி நெடுஞ்சாலை வரை ஏற்றி விட்டுவிட்டு நடந்து திரும்பினாள். கடலின் மேல் மேகம் கறுத்திருந்தது. இந்தக் கரையில் ஒவ்வொரு பெருமழைக்கும் ஏதாவது ஒரு சாலை சரியும். தொலைபேசியில் சிக்னல் இல்லை.

ஹார்லன் பின்னால் எடுக்கத் தொடங்கினான். வலது மூலையிலிருந்து பள்ளம் தெரியவில்லை. அவள் இடது மூலைக்கு ஓடினாள். உள்ளங்கை காட்டினாள். முஷ்டியைக் காட்டினாள். வண்டி வந்துகொண்டே இருந்தது. பின்சக்கரத்தின் அடியிலிருந்து சரளைக்கற்கள் பள்ளத்தில் உதிர்ந்தன. அவள் இரண்டு கைகளாலும் வண்டியின் பக்கவாட்டில் அறைந்தபடி கத்தினாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் கத்தல்.

வண்டி நின்றது.

"எங்க போய்த் தொலைஞ்ச? உன்னைக் காணவே காணோமே!"

"இந்தக் கண்ணாடியிலதான் நின்னேன்."

"நான் பார்த்தேன். நீ இல்ல."

"சரி. இப்ப அதுல என்ன தெரியுது, சொல்லு."

அவன் பார்த்தான். "வண்டி தெரியுது."

"அப்புறம்?"

அவன் தலையை மெதுவாக இன்னும் திருப்பினான். அதற்குப் பிறகுதான் பள்ளம் கண்ணில் பட்டிருக்கவேண்டும். முகம் வெளிறியது.

"தட்டுலயும் பாதியைத்தான் சாப்பிடற, ஹார்லன். நான் திருப்பி வைக்கிறேன்."

"எப்போலேருந்து?"

"தில்லமூக்குலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எதிர்ல வந்தவன் குடும்பத்தோட வந்திருந்தா?"

அவள் சுற்றி வந்து உள்ளே ஏறினாள். "தள்ளு" என்றாள்.

அவன் இருக்கையை விட்டு இறங்கி, வலப்பக்கக் கதவு வழியாக வெளியே போனான். வெர்னா உட்கார்ந்து கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். வண்டியை முதலில் ஓர் அடி முன்னால் எடுத்தாள். பின்னால் அவன் கை காட்டினான். அவனுக்குக் கை ஜாடையைப் படிக்கத்தான் தெரியும், கண்ணாடிக்குள் பார்த்துப் பழகியவன். அதையே நேரில் செய்தபோது எல்லாம் தலைகீழானது. வண்டி மண்மேட்டில் உரசியது.

"இடது, இடது!"

"யாரோட இடது?"

"என்னோட இடது!"

"உன்னோட இடதை நம்பித்தான் இங்க வந்து நிக்கறோம், கிழவா!"

கத்திய பிறகு அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"கை காட்டாதே. திரும்பி மேலே பார்த்து நில்லு. பள்ளம் உன் வலப்பக்கம் வருதா?"

"வருது."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது, வெர்னா."

"விளிம்பிலேருந்து ஒரு கை தள்ளி, அப்படியே நட. நீ நடக்கற கோட்டுக்கு வெளிய நான் வரமாட்டேன். திரும்பிப் பார்க்காதே."

"இவ்வளவு பெரிய வண்டிக்கு முதுகைக் காட்டச் சொல்ற."

"நான் வருஷக் கணக்கா உன் வண்டிக்குப் பின்னாடி நின்னேன்ல? நட."

அவன் நடந்தான். இடது கண்ணாடியில் அவனுடைய ஆரஞ்சு மேல்சட்டை சிறிதாகத் தெரிந்தது. அவள் அதை மட்டுமே பார்த்தாள். அவன் ஒருமுறை தடுக்கி முழங்காலை ஊன்றினான். அவள் பிரேக்கை மிதித்தாள். அவன் எழுந்து மறுபடி நடந்தான், திரும்பாமல். முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்து சட்டை கலங்கியபோது, டயரின் அடியில் நெடுஞ்சாலையின் தார் ஒலித்தது.

அன்று மாலை, முந்தைய வருடங்களில் தங்கிப்போன எங்கள் முகாமுக்கு வந்தார்கள். முகாமைப் பார்த்துக்கொள்கிற நான் வாசலில் இடம் காட்டினேன். ஓட்டுநர் இருக்கையில் வெர்னாவைப் பார்த்ததும் மழைக்கூரையின் அடியில் இருந்தவர்கள் நாற்காலிகளைத் திருப்பினார்கள். இந்த முறை யாரும் ஏமாறவில்லை. இருவரும் முகாம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்கள். வண்டி மின்கம்பத்தில் மோதி, பின்மூலை நசுங்கியது.

ஹார்லன் குனிந்து தடவிப் பார்த்தான். "இவ்வளவு வருஷத்துல நான் ஒரு கீறல் போட்டதில்ல."

"போட்டிருந்தா உனக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போவுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே உள்ளே போனான்.

மறுநாள் காரில் மருத்துவரிடம் போனார்கள். மூளையின் ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு வந்துபோயிருக்கிறது, இடப்பக்கம் அவன் கண்ணில் படாதது அதனால்தான் என்றார், மாத்திரை கொடுத்தார், அந்தப் பாதிப் பார்வை திரும்புமா என்பதைச் சொல்லவில்லை. இனி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் சொன்னார். அவர்கள் சில வாரம் தங்கினார்கள்; நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னது அப்போதுதான். தினமும் காலையில் காலி இடத்தில் வெர்னா வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகினாள். அவன் மேல்சட்டையோடு முதுகைக் காட்டி நடந்தான்.

கிளம்பிய அன்று அவன் வலப்பக்க இருக்கையில் ஏறினான். தெற்கே போகிறவர்களுக்குக் கடல் அந்த ஜன்னலில்தான்.

"ஓட்டிக்கிட்டிருந்தப்ப இதையெல்லாம் நான் எங்க பார்த்தேன்" என்றான்.

"பேசாம வா. பலகையைப் படி."

"'மெதுவாகச் செல்லவும்.'"

"அது எனக்கே தெரியும்" என்று வெர்னா வண்டியை நகர்த்தினாள்.