சுரங்கத்திலிருந்து வந்த தோடு

மெட்ராஸ் கப்பல் நடுக்கடலில் பழுதாகி நின்று, தீவு முழுக்க வெங்காயம் இல்லாமல் குழம்பு வைத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். வெங்காயம் இல்லாத குழம்பு அப்படியொன்றும் மோசமில்லை; மீன் நல்லதாக அமைந்தால் போதும். அது கிடக்கட்டும். அந்த வருஷம்தான் எங்கள் அப்பா ஒரு தங்கச் சுரங்கத்தில் பங்கு வாங்கினார்.

அப்பாவுக்குச் சாத்தத்தில் இருந்த மர மில்லில் வேலை. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த ஓர் ஆள், எங்கோ ஒரு மலையடிவாரத்தில் சின்னக் கம்பெனி ஒன்று தங்கம் தோண்டுவதாகச் சொல்லி, மினுமினுக்கும் கல்லொன்றை எல்லார் கையிலும் கொடுத்துக் கொடுத்து வாங்கினான். மில்லில் யாரும் அசையவில்லை. அப்பா மட்டும் அம்மாவின் தோட்டை விற்றுப் பங்கு எடுத்தார். தங்கத்தைக் கொடுத்துத் தங்கம் வாங்குவதில் இருந்த வேடிக்கை அப்போது எனக்கு உறைக்கவில்லை. அம்மா காதுத் துளையில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரும் மில்காரர்தான். தினமும் வேலியோரம் நின்று கேட்பார்.

"க்யா பாய், சோனா நிகலா? தங்கம் வந்துச்சா, இல்ல, வெறும் தண்ணிதான் வருதா?"

அப்பா பீடி பற்றவைப்பார்.

எங்கள் தீவில் யார் லீவில் மெயின்லேண்ட் போனாலும் ஊர் வேலையெல்லாம் அவர் தலையில்தான். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, இன்னொருவருக்கு ஜாதகம். அக்கரையில் பாம்பூ ஃப்ளாட் என்ற ஊரில் இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, கிளம்பியபோது அப்பா கேட்டது ஒன்றுதான்.

"மாப்ளே, அந்தச் சுரங்கத்த ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு."

திரும்பி வந்த மாமா, அம்மாவின் காதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு ஜோடித் தோட்டை எடுத்தார்.

"கம்பெனி குடுத்துச்சுக்கா. மொதல்ல எடுத்த தங்கம். பங்கு வச்சிருக்கவங்களுக்கு ஆளுக்கொரு ஜோடி. சுரங்கம் பெருசு மச்சான்."

நான் அவருடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்து, வாட்ச் எங்கே என்றேன். கடலில் விழுந்துவிட்டது என்றார். எந்த மீனின் வயிற்றில் அது ஓடிக்கொண்டிருக்கும் என்று பல நாள் யோசித்தேன்.

தோடு வெளியே தெரிந்ததும் மில் ஆட்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் தெலுங்குக்காரர்.

"பாய், பொண்ணு கல்யாணத்துக்கு வச்சது இருக்கு. மொத்தமும் போட்டுடறேன். எனக்கும் ஷேர் வாங்கிக் குடு."

அப்பா கம்பெனி முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மாமாதான் குறுக்கே புகுந்தார்.

"ஷேர் முடிஞ்சுபோச்சு. இனி யாருக்கும் கிடையாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மிச்சம் இருந்ததையெல்லாம் நான் வாங்கிட்டேன்."

"மொத்தமும் உனக்கா? அது வயிறா, கப்பல் கிடங்கா?"

அதன்பிறகு இக்கரைக்கு வரும் படகில் மாமாவுக்கு யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. சொந்த மச்சானுக்குக்கூடச் சொல்லாமல் சுருட்டிக்கொண்டான் என்று அப்பாவும் பேச்சை நிறுத்தினார். அப்பா ஷிஃப்டுக்குப் போன நேரம் பார்த்து மாமா வருவார். அம்மா அவருக்குப் பெரிய மீன்துண்டாக வைப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் தந்த மிட்டாயை ஒருமுறை அவர் கண்ணெதிரே கீழே போட்டேன்.

அந்தச் சுரங்கத்திலிருந்து வேறொன்றும் வரவில்லை. அப்பா காலமாகி, மாமாவும் போனபிறகு ஒருநாள் அம்மா சொன்னாள்.

"அங்க ஒரு குழியும் நாலு ஆடும்தான் இருந்துச்சாம். அவன் வாட்ச்ச வித்து, லீவு சம்பளத்தையும் போட்டு அந்தத் தோட்ட வாங்கிட்டு வந்தான்."

"உங்கிட்ட எப்ப சொன்னாரு?"

"நான் கேட்டப்புறம்தான். அன்னிக்கே எனக்குத் தெரியும். சுரங்கத்துக்கு என் காது அளவு எப்பிடிடா தெரியும்?"

"அப்ப ஏம்மா வாயே தொறக்கல?"

"தொறந்தா உங்கப்பா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மில்லுக்குப் போவாரு?"

புருஷன் முகத்தையும் தம்பி பெயரையும் அவள் ஒரே வீட்டில் வைத்து எடைபோட்டிருக்கிறாள். மீன்துண்டு ஏன் பெரிதாக இருந்தது என்பதுகூட அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தெலுங்குக்காரரின் பேரன் இதே தீவில் டாலிகஞ்சில் கடை வைத்திருக்கிறான். எனக்கு முழங்கால் சரியில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவனிடம் சொல்லிவிடுங்கள்: உன் அத்தையின் கல்யாணம் நின்றுபோகாமல் நடந்ததற்கு எங்கள் மாமாதான் காரணம், அவர் ஒரு பங்குகூட வாங்கவில்லை என்று.