குழாயக்காவின் காது

எங்கள் ஊரில் மொத்தமே பத்தொன்பது வீடுகள். அத்தனைக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவள் என் மனைவி. ஊருக்கே அவள் குழாயக்கா. நான் கொத்தனார். இருந்தும் என்னைக் 'குழாயக்கா வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். வீடு கட்டினவனுக்கு மரியாதை அவ்வளவுதான்.

மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். நீள ஸ்பேனரின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையில் காதை வைப்பாள். "இங்க தோண்டுங்க" என்பாள். தோண்டினால் அங்கே உடைப்பு இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும். அவளிடம் சொன்னதில்லை.

இந்தக் கோடையில் தொட்டி நிரம்பவே இல்லை. மூன்று வாரம் ஸ்பேனரும் கையுமாக அலைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. டவுனிலிருந்து வந்த பொறியாளர் கையை விரித்துவிட்டார். "நாளைக்குள்ள கண்டுபிடிக்கலன்னா லைனை மூடிருவோம். அப்புறம் வாரம் ரெண்டு லாரிதான். உங்க காது ஓஞ்சுபோச்சு போலக்கா."

அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தது புது சமையலறையில். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட சிவப்புத் தரையைப் போன மாதம்தான் போட்டு முடித்திருந்தேன்.

"ஏங்க, உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"உன் சத்தத்த மீறி என்ன கேக்கப்போகுது?"

அவள் சிரிக்கவில்லை. "ஒரு மாசமா காதுக்குள்ள இரையுது. வயசாச்சுன்னு நெனச்சேன். ஆனா தெருவுக்குப் போனா நின்னுடுது."

ஸ்பேனரை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றிக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியபோது ஊர்க் குழாய் சமையலறைக்கு அடியில் வந்துவிட்டது. தரை இறுகட்டும் என்று ஓங்கி ஓங்கி இடித்தவன் நான். ஊர் முழுக்கக் கேட்டவள், சொந்த வீட்டில் மட்டும் ஸ்பேனரை வைத்துப் பார்க்கவில்லை.

"அவசரப்படாத. வெளிய ஒருவாட்டி தோண்டிப் பாப்போம்" என்று இழுத்தேன்.

அதற்குள் கடப்பாரையோடு வந்துவிட்டாள். முதல் அடியை அவளே போட்டாள். சிவப்புத் தரை சிதறியது. ஒரு முழம் தோண்டியதும் தண்ணீர் கொப்பளித்து வந்தது.

தரை போச்சே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"பாத்தீங்களா? என் காது நல்லாத்தான் இருக்கு."