ஊ என்ற ஒரு சொல்

டொராண்டோவின் வடக்கே பள்ளிப் பேருந்து ஓட்டும் கியூமர்ஸ் மூன்று நாவல்கள் எழுதியவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றப் போகும்வரை ஐந்து மணி நேரம் கிடைக்கும். காலி வண்டியில், ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுதுவார். குளிரில் மை இறுகினால் பேனாவை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொள்வார். எங்கள் ஈரானிய ஜனம் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. எழுதியது என்னவென்று தெரிந்திருந்தால் அப்படியே கீழே போட்டிருக்கும்.

பாரசீகத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான்: ஊ. முதல் நாவலில் ஒருவன் ஷீராஸிலிருந்து தப்பி, குதிரையில் பனிமலை தாண்டித் துருக்கிக்குப் போகிறான். கூட வருபவர் மேல் உயிரையே வைத்திருக்கிறான். நானூறு பக்கத்திலும் அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது, வெறும் ஊ. தமிழில் எழுதியிருந்தால் ‘வந்தான்’ என்ற முதல் வினையிலேயே குட்டு உடைந்திருக்கும்.

அந்த ஊ, ஹூஷங் என்ற ஆண். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மலையில் கியூமர்ஸின் விறைத்த கால்களைத் தன் வயிற்றில் வைத்துச் சூடாக்கியவர். முப்பத்துநான்கு வருடமாக ஒரே வீடு, ஒரே கட்டில். ஊருக்கு மட்டும் ‘வீட்டுத் தோழர்’, அதாவது வாடகையில் பாதி கொடுக்கிற ஆள். வீடு சொந்தமாகி இருபது வருடம் ஆன பிறகும் என்ன வாடகை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

நாவலில் வருவது யார் என்று ஜனமே முடிவுகட்டிவிட்டது. கியூமர்ஸ் ஷீராஸில் விட்டுவந்த மாமன் மகள் மெஹ்ரியாம், கதையிலாவது கூட்டிவந்துவிட்டாராம். கியூமர்ஸின் அக்கா மஹின் வீட்டில் வியாழக்கிழமைதோறும் வாசிப்புக் கூட்டம் நடக்கும். பெண்கள் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துத் தேநீர் உறிஞ்சியபடி மெஹ்ரிக்காகக் கண்ணீர் விடுவார்கள். கியூமர்ஸ் மறுத்ததே இல்லை.

போன வாரம் முதல் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு மெய்ப்புப் பார்க்க வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். ஹூஷங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் முதல் பக்கத்தைப் படித்தார்.

“யாரு இந்தப் பொம்பள?”

“எந்தப் பொம்பள?”

“என் குதிரை மேல உக்காந்திருக்காளே. உன் காலை எடுத்துத் தன் வயித்துல வச்சுக்கிறா பாரு, அவதான்.”

பக்கத்துக்குப் பக்கம் ஷீ, ஷீ, ஷீ.

“மொழிபெயர்த்த பொண்ணு தப்பாப் புரிஞ்சுகிட்டா, என் ஹூஷங்.”

“நீ அவகிட்ட சொன்னியா? இவ இந்தப் புத்தகத்துல இருந்தா, நான் இந்த வீட்டுல இல்ல. அவளோடயே குடும்பம் நடத்திக்கோ.”

மொழிபெயர்த்த பரிசாவைத் தொலைபேசியில் பிடித்துக் கியூமர்ஸ் கத்தினார். அவள் பயந்துபோனாள்.

“நான் கூப்பிட்டேனே மாமா, நீங்க வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க. அதான் மஹின் பெரியம்மாகிட்ட கேட்டேன். பொண்ணுதான்னு சொன்னாங்க.”

மஹின் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார்.

“உனக்குத் தெரியும்தானே அக்கா?”

“நீங்க ரெண்டு பேரும் ஏர்போர்ட்ல வந்து எறங்கின அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் பொய் சொன்ன?”

“நானா பொய் சொன்னேன்? நானூறு பக்கம் ஊ, ஊன்னு ஊளை விட்டவன் நீ. நீ மூடி வச்ச பானைக்கு நான் ஒரு தட்டு போட்டேன். செருப்பைக் கழட்டு முதல்ல.”

திட்ட வந்தவர் செருப்பைக் கழற்றினார். அவள் சொன்னது அயோக்கியத்தனம், ஆனால் உண்மை. அது தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் ஏறியது.

அடுத்த மூன்று நாளும் பேருந்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் ஷீயின் தலையெழுத்தை அடித்தால் ஹீ ஆகிவிடும். ஒரே ஒரு கோடு. இதற்கு முப்பத்துநான்கு வருடமா என்று தன்னையே வைதுகொண்டு அடித்தார். சில இடங்களில் தாள் கிழிந்தது. காணிக்கைப் பக்கத்தில் ‘அவளுக்கு’ என்று இருந்ததை அடித்து, ‘ஹூஷங்குக்கு’ என்று எழுதினார்.

வியாழன் மாலை அதைக் கொண்டுபோய் ஹூஷங் முன்னால் வைத்தார். ஹூஷங் தன் பெயரை நெடுநேரம் பார்த்தார்.

“சரி. இதை யார் படிப்பா? நம்ம ரொட்டிக்கடைக்காரன் படிப்பானா? உங்க அக்கா கூட்டத்துல படிப்பாங்களா? நம்ம ஜனம் படிச்ச புத்தகத்துல நான் இன்னும் ஊதான்.”

கியூமர்ஸ் அலமாரியிலிருந்து பாரசீகப் பிரதியை எடுத்தார். காணிக்கைப் பக்கத்தில் ‘ஊவுக்கு’ என்பதை அடித்துவிட்டு, வலமிருந்து இடமாகப் பெரிய எழுத்தில் ஹூஷங் என்று எழுதினார். பிறகு கோட்டை மாட்டினார்.

“கெளம்பு.”

“எங்க?”

“வியாழக்கிழமை. கூட்டம் ஆரம்பிச்சிருக்கும்.”

“என்னை யாருன்னு சொல்லப்போற? வீட்டுத் தோழர்னா?”

கியூமர்ஸ் அவருடைய காலணிகளை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

மஹின்தான் கதவைத் திறந்தாள். தம்பியையும், அவர் கையிலிருந்த புத்தகத்தையும், பின்னால் நின்றவரையும் பார்த்து வழியை மறித்தபடியே நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

“யாரு மஹின், கூட வந்திருக்கிறது?”

கியூமர்ஸ் அக்காவின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். ஹூஷங்கின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

“ஊ,” என்றார். “இத்தனை வருஷமா நீங்கல்லாம் அழுதீங்களே, அது இவனுக்காகத்தான்.”