கம்பியா, பிரெய்டு நரம்பா?

சைதாப்பேட்டையில் தூண்டில் சாமான் விற்கும் கடையில், சாமான் வாங்க வந்திருந்த அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். வெள்ளை அரைக்கைச் சட்டை. கேட்பதையெல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார். கனடாவில் இருக்கும் மகள் அவரிடம் பேசி மூன்று வருடமாகிறது. அன்று காலை செய்தி அனுப்பியிருந்தாள்: "அப்பா, ஆழமான ஏரியில படகுல போய்க்கிட்டே மீன் பிடிக்கணும். தூண்டிலுக்குக் கம்பி போடவா, பிரெய்டு நரம்பு போடவா?"

"சின்னதுல முகத்துவாரத்துக்கு மீன் பிடிக்க என்கூட வரும் சார். தப்பா சொல்லிடக் கூடாது," என்றார் என்னிடம்.

"கம்பி தானா ஆழத்துக்கு எறங்கும் நைனா, ஆனா முறுக்கிக்கும்," என்றார் கடைக்காரர். "பிரெய்டுன்னா பின்னின நூலு, அதுக்கு ஈயம் கட்டணும். மீன் தொட்டா கையில தெரியும். இத்தையே பொண்ணுக்குப் போன் போட்டு சொல்லேன்!"

நான்தான் குறுக்கிட்டேன். "அவசரப்படாதீங்க. ஏரி ஆழம், மீன் வகை எல்லாம் விசாரிச்சிட்டு பதில் போடுங்க." அதையும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அவரை மறுபடி பார்த்தேன். முந்தின இரவுதான் நீண்ட பதில் அனுப்பியிருந்தார். மகளிடமிருந்து வந்திருந்ததைக் காட்டக் கைப்பேசியை நீட்டினார்.

"வேற ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்பா."

அதற்குக் கீழே அவர் மூன்று முறை கேட்டிருந்தார்: "எதும்மா வாங்கின?" பதில் இல்லை.

"நீங்க சொன்னாப்பல முழுசா விசாரிச்சிட்டேன் சார். ரொம்ப தேங்க்ஸ்," என்றார்.

கடையில் சந்தித்த நாளின் குறிப்பில், அவசரப்படாதீங்க என்று நான் சொன்ன யோசனையை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.