சிவக்காத மருதாணி

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி இல்லை. வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான பொய் ஒரு மருதாணிச் செடியைக் காப்பாற்றச் சொன்னது. அதுவும் கம்பைநல்லூர் வரை போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எங்கள் குளியலறைக்கும் தெருச்சுவருக்கும் நடுவே ஒன்றரை முழ அகலத்துக்கு மண் தெரிந்தது. அத்தா, அதாவது என் அப்பா, அதில் ஓடாத சைக்கிள் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிவிட்டு அங்கே ஒரு மருதாணிக் குச்சியை நட்டேன்.

"இருக்கறதே சந்து. இதுல உனக்குத் தோட்டம் ஒரு கேடா?" என்றார் அத்தா. அவருக்குத் துணிக்கடை. நாள் முழுக்க அங்கே கிழித்துவிட்டு வந்தாலும் வீட்டிலும் யாரையாவது கிழித்தால்தான் சாப்பாடு இறங்கும்.

குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் செடிக்குப் போகும்படி நானே வாய்க்கால் கீறினேன். மூன்று வருடத்தில் செடி சுவருக்கு மேல் தலை நீட்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் மழையும் பொய்த்தது, எனக்குக் கல்யாணமும் நிச்சயமானது. அக்கம்பக்கத்து மருதாணியெல்லாம் காய்ந்து விறகாகிவிட்டது. எங்கள் குடும்பம் குளித்த புண்ணியத்தில் என் செடி மட்டும் பச்சையாக நின்றது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வளைகாப்பு, பெருநாள், சடங்கு என்று ஆளுக்கொரு காரணத்தோடு வந்தார்கள். எல்லோரும் கேட்டது "ஒரு கை இலை"தான். எதிர்வீட்டு அக்கா அந்த ஒரு கை இலைக்கு முறத்தோடு வருவார். அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. எனக்கோ வயிறு எரியும். என் கல்யாணத்துக்கு என் செடியின் இலையைத்தான் இட்டுக்கொள்வது என்று குச்சி நட்ட அன்றே முடிவு செய்திருந்தேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. இந்த வேகத்தில் போனால் எனக்குக் குச்சிதான் மிஞ்சும்.

ஒருநாள் முறத்தைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "என்னன்னே தெரியலைங்க்கா. இப்பல்லாம் எங்க செடி செவக்கவே மாட்டேங்குது."

அக்கா முறத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார். "போன மாசம் எம் பொண்ணுக்கு வெச்சேன், நல்லா செவந்துச்சே. அப்ப கோளாறு செடியில இல்ல கண்ணு. ஒங் கையிலதான் இருக்கும்."

இரக்கத்தோடு என் தலையைத் தடவிவிட்டு இலை பறிக்காமலே போய்விட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கை எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு ஆசையாகப் புருஷன் வைத்துக்கொள்வான் என்பது எங்கள் பக்கத்தில் எந்த மதத்துக்காரருக்கும் பொதுவான நம்பிக்கை. சிவக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. "ப்ச்" என்பார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் கம்பைநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் மளிகைக் கடை அந்த ஊர் பஸ் நிற்கும் இடத்திலேயே இருந்தது. என் பொய் டிக்கெட் எடுக்காமல் போய் இறங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு மாமியாகப் போகிறவர், திடுதிப்பென்று வந்தார். "அளவு ஜாக்கெட் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேங்க" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது பார்த்தது என் கையை. டீ குடித்ததும் எழுந்தார். "செடி எங்க இருக்குது?"

அவரே பறித்தார். அவரே கொட்டைப்பாக்கும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தார். என் வலது உள்ளங்கையில் ஒரு வட்டம் அப்பிவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். விஷயம் தெரிந்து எதிர்வீட்டு அக்காவும் இன்னும் நாலு பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். அம்மா அடுப்படியில் துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

எனக்கு உண்மையிலேயே பயம். சிவந்தால் நான் பொய்க்காரி. சிவக்காவிட்டால் ராசியில்லாதவள், கல்யாணமே நிற்கலாம். இரண்டு மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு மூக்கு அரித்தால்கூடச் சொறியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கழுவினார்கள். பொட்டு வைத்த மாதிரி சிவந்திருந்தது.

மாமி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செடியும் நல்லாத்தான் இருக்குது. கையும் நல்லாத்தான் இருக்குது. வாயிலதான் என்னமோ கோளாறு."

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமி பொறுமையாகக் கேட்டார். "எலைக்கே இப்படின்னா, கடைச் சாமானை இவ ஊருக்கு அள்ளிக் குடுக்கமாட்டா" என்று அம்மாவிடம் திருப்தியாகச் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டை மறந்துவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் முதல் தெருவே முறத்தோடு வந்தது. "ஒங் கல்யாணத்துக்கு நாங்களும் வெச்சுக்க வேணாமா?" என்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். நாலே நாளில் செடி மொட்டை. மூன்று நாளில் துளிர்க்க வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அத்தாவை இரண்டு வேளை குளிக்கச் சொன்னேன். "கல்யாணம் உனக்கா, எனக்கா?" என்றார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் எட்டாத உச்சிக் கிளையை ஸ்டூல் போட்டு வளைத்தேன். நிஜமாகவே ஒரு கை இலைதான் இருந்தது. அரைத்தால் எலுமிச்சை அளவு. மீதிக்கு அம்மா கடையில் பொடி பாக்கெட் வாங்கிவந்தார். என் செடியைத் தவிர எதுவும் என் கையில் படக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அக்காதான் எனக்கு இட்டுவிட்டார், மணிக்கட்டு வரை சிவந்த தன் கையால். வலது கை முடிவதற்குள் விழுது தீர்ந்துவிட்டது.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையைப் பெண்கள் பக்கம் அழைத்துவந்து என் அருகில் உட்காரவைத்தார்கள். அவர் குனிந்து என் இரண்டு கைகளையும் பார்த்தார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "இன்னொரு கைக்கு என்னங்க ஆச்சு?"

"ஊருக்குக் குடுத்துட்டேங்க" என்றேன்.

அவர் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். பந்தல் முழுக்கச் சிவந்த கைகள். தாம்பூலம் கொடுக்கிற கை, குழந்தையைத் தூக்கிய கை, எங்களைக் காட்டிக் காட்டிப் பேசுகிற கை, எல்லாம் என் செடி. அவ்வளவு நாள் வயிறெரிந்த எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டே சொல்கிறேன்.

"நல்லா செவந்திருக்குதுங்க" என்றார் அவர், அந்தக் கைகளைப் பார்த்தபடியே.