மீன் செதில் ஒட்டிய பை

ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலாக் கடையில் சீரகம் நிறுக்கச் சொல்லி நின்றிருந்தேன். கடைக்கார பாய் தராசைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "காஜா பெராங் பக்கத்துக் கோப்பிக்கார அக்கா காலையில தவறிட்டாங்களாமே. ஒங்களுக்குச் சொல்லலையா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. சீரகத்தை வாங்காமலே சைக்கிளை எடுத்தேன்.

துக்க வீட்டு வாசலில் அவருடைய கொழுந்தனார் சுந்தரம் வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க அண்ணி எல்லாரையும் அனுசரிச்சுப் போனவங்க. யார்கிட்டயும் முகம் சுளிச்சதில்ல." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் குமட்டியது. தனபாக்கியம் அக்காவை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரியும், அவர் முகம் சுளிக்காத நாளே கிடையாது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார் என்ற துணிச்சலில் சொன்ன பொய் அது. அந்தப் பொய்யோடு அவரை அனுப்பிவைக்க மனமில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய கணவரும் சுந்தரமும் கூட்டாக நடத்தியது அந்தக் கோப்பிக் கடை. முன்னால் விற்பனை, பின்னால் வறுக்கும் கொட்டகை. கணவர் இறந்ததும் அவர் பங்கு அக்காவுக்கு வந்தது. மறுநாளிலிருந்து அக்கா கொட்டகைக்கு வரத் தொடங்கினார். நான் அப்போது அங்கே வேன் ஓட்டி, ரப்பர்த் தோட்டத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவந்தேன். அக்கா வந்த முதல் வாரமே காகிதப் பைகள் அடுக்கியிருந்த மூலையை இழுத்துப் போட்டார். பசைக்காகக் கரப்பான்கள் ஒட்டுவாயை அரித்திருந்தன. மடிப்புகளுக்குள் முட்டைக்கூடுகள். "இதுக்குள்ளதான் இத்தன நாளா கொட்டிக் குடுத்தீங்களா? தின்ன சோறு வெளிய வருது," என்றார். அவ்வளவு பைகளும் அன்றே அடுப்புக்குப் போயின.

என் கல்யாணத்தில் பாயசத்தை முகர்ந்துவிட்டு, "பாத்திரம் சரியா ஈயம் பூசல," என்று தள்ளி வைத்தவரும் அவர்தான். என் அம்மா வெகுகாலம் அவரோடு பேசவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிய நேரம். தோட்டத்துக் கடைகள் கூடுதலாகச் சரக்குக் கேட்டன. கொடி அச்சடித்த புதுப் பை போடலாம் என்றார் சுந்தரம். மூன்று வகை மாதிரிகள் வந்தன: வெறும் காக்கித்தாள், இரட்டைக் காக்கித்தாள், உள்ளே மெழுகுத்தாள் வைத்தது. எங்கள் கோப்பி சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்தது. எண்ணெய் கசியும், ஈரம் பட்டால் கட்டியாகும். அக்கா மூன்றிலும் தூளை நிரப்பி ஒட்டி, பெலாச்சான் இறால் விழுதுக் கூடைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் சில நாட்கள் வைத்தார். "தோட்டத்துக் கடையில இதுங்க பக்கத்துலதான் ஒக்காந்திருக்கும்," என்றார். பிறகு தனித்தனியாகக் கலக்கி, முதல் கோப்பையைச் சுந்தரத்திடம் நீட்டினார்.

"பை வாங்குறவர் நீங்கதானே தம்பி. நீங்களே குடிங்க."

வெறும் காக்கித்தாளில் இருந்த கோப்பி. சுந்தரம் ஒரு வாய் குடித்துக் கால்வாய்க்கு ஓடினார். அழுகிய இறால் வாடை. இரண்டாவதில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. மெழுகுத்தாள் பையில் மட்டும் கோப்பி கோப்பியாக இருந்தது. அதையே வாங்குவதென்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம், சுந்தரம் உட்பட.

வந்து இறங்கிய பைகள் பார்க்க அழகாக இருந்தன. கொடி பளிச்சென்றிருந்தது. உள்ளே மெழுகுத்தாளும் இருந்தது. அக்கா காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அது. நான் ஏற்றிக்கொண்டு போனேன். அடுத்த நடையில் ஒரு தோட்டத்துக் கடையில் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி பையை என் முன்னால் வைத்தாள்.

"இது கோப்பியாண்ணே, கருவாட்டுத் தண்ணியாண்ணே? எம் மவன் ராவெல்லாம் வாந்தி எடுத்தான்."

பையை அக்காவிடம் கொண்டு போனேன். அவர் அதைக் கத்தரித்து விரித்து, உள்தாளை நாக்கால் தொட்டார். பிறகு நகத்தால் எதையோ சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மீன் செதில். வாத்துத் தீனிக்கான மீன்தூள் வந்த மூட்டைகளின் உள்தாள் அது. யாரோ தரகன் துடைத்து, வெட்டி, புதுத்தாள் என்று விற்றிருந்தான். சுந்தரம் தெரிந்தேதான் வாங்கியிருந்தார்.

"தோட்டத்து ஜனங்கதானே அண்ணி. சீனிய அள்ளிப் போட்டுக் குடிப்பாங்க. வாடை தெரியாது," என்றார் அவர்.

அக்கா விரித்த தாளை அவர் முன்னால் போட்டார். "அந்தத் தாள விட நீங்க நாறுறீங்க," என்றார். குரல் உயரவில்லை.

ஊர் திடலில் கூடிச் சுதந்திரம் கொண்டாடிய நாளில் நாங்கள் இருவரும் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தோம். கொடி போட்ட பைகளைத் திரும்ப வாங்கி வேனில் அடைத்தோம். வெயிலில் வாடை கிளம்பி, அக்கா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தார். கடைக்காரர்களிடம் வேறு காரணம் சொல்லலாம் என்றேன். கேட்கவில்லை. ஒவ்வொரு கடையிலும், "எங்க பை அசிங்கம். மன்னிச்சிடுங்க," என்றார்.

கொட்டகைக்கு வந்ததும், தூளைக் கொட்டி மறுபடி சீனி போட்டு வறுத்தால் வாடை போய்விடும் என்றார் சுந்தரம். அக்கா மண்ணெண்ணெய் டின்னை எடுத்து, குவியல் முழுக்க ஊற்றினார். அந்த மாதமே கூட்டு முறிந்தது. கடையும் பெயரும் சுந்தரத்துக்குப் போயின. அக்கா வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஒரு வறுகலன் போட்டு, பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டும் கொடுத்துவந்தார். சுந்தரம் அதற்குப் பிறகு இரண்டு கடை திறந்தார். ஊர் அவரிடம்தான் வாங்கியது. ஊரையும் அக்காவுக்குப் பிடிக்காமல் போனது. கடைசி வரை கோயில் திருவிழாவில்கூடத் தனியாகத்தான் நிற்பார்.

அடக்கத்துக்கு மறுநாள் வேலைக்குப் போனேன். இப்போது பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறேன். புழுத்த பருப்பைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். புதுப் பருப்போடு கலக்கச் சொன்னார் முதலாளி. மூட்டையில் கை வைத்தேன். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "என்னால முடியாது," என்றேன்.

"ஏன்?" என்றார்.

"அருவருப்பா இருக்கு மொதலாளி."

அவர் என்ன செய்யப்போகிறார் என்று இன்னும் தெரியவில்லை. தனபாக்கியம் அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் குமட்டல் ஒன்றுதான். இதை நான் விழுங்கப்போவதில்லை.